எங்களைத் தடுக்க ஒரு தேசமே வேண்டும்: பப்ளிக் எனிமியின் இரண்டாம் இசைத்தொகுப்பு

1988ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் நியூயார்க் நகரின் டெஃப் ஜாம் நிறுவனம், பப்ளிக் எனிமி என்னும் ஹிப் ஹாப் குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பை வெளியிட்டது. ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்’ என்பது அதன் பெயர். எங்களைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால் பல இலட்சம் பேர் கொண்ட ஒரு தேசமே திரண்டு வர வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். முந்தைய ஆண்டு வெளிவந்த முதல் தொகுப்பின் பாடலொன்றிலிருந்து அத்தலைப்பை எடுத்திருந்தனர். பதினாறு தடங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவான ஒலி. உறையில் சக் டி, ஃப்ளேவர் ஃப்ளேவ் ஆகிய இருவரும் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று நம்மை உற்று நோக்குகின்றனர்.

கறுப்பின மக்களின் சினத்தை உரத்துச் சொன்ன தொகுப்பு என்று இதைப் பலரும் போற்றியுள்ளனர். அது உண்மையே. ஆயினும், சினமான சொற்கள் இதற்கு முன்பும் இருந்தன, பின்பும் வந்தன. இத்தொகுப்பின் அரசியல், அதன் சொற்களைக் காட்டிலும் அது கட்டப்பட்ட முறையிலேயே ஆழமாக உள்ளது என்பது நமது வாசிப்பு. வரலாற்று நூல்களில் இடம் மறுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், தன் முன்னோரின் மேடைப் பேச்சுகளையும் மேளங்களையும் ஊதுகுழல்களையும் துண்டு துண்டாகச் சேகரித்துத் தனக்கான ஆவணக் காப்பகத்தை ஒலியிலேயே எழுப்பிக்கொண்டது. அந்தக் காப்பகம் யாருக்குச் சொந்தம், அதில் யாருடைய உழைப்பு பெயரின்றிக் கிடக்கிறது, யாருடைய குரல் சேர்க்கப்படவே இல்லை என்னும் வினாக்களையும் இத்தொகுப்பை முன்வைத்தே கேட்டாக வேண்டும்.

ஊருக்கு அப்பால் இன்னோர் ஊர்

ஹிப் ஹாப் பிறந்த இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. பப்ளிக் எனிமியின் ஊரோ நகரத்துக்குக் கிழக்கே உள்ள லாங் தீவு. அங்கே 1947இல் கட்டத் தொடங்கப்பட்ட லெவிட்டவுன், போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புறநகர் வாழ்வின் முன்மாதிரி எனக் கொண்டாடப்பட்டது. அதன் தொடக்ககாலக் குத்தகை ஒப்பந்தத்தில், வெள்ளை இனத்தவர் அல்லாதோர் அவ்வீடுகளில் குடியிருக்கக் கூடாது என்று எழுத்திலேயே விதித்திருந்தனர். அதே விதி, வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. உழைப்பு உள்ளே வரலாம், உழைப்பவர் குடியேறக் கூடாது என்னும் இந்த ஏற்பாட்டை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரூஸ்வெல்ட் என்னும் சிற்றூர், வெள்ளையர் விற்றுவிட்டு வெளியேற வெளியேற, கறுப்பினக் குடும்பங்களின் ஊராக மாறியது. கார்ல்ட்டன் ரைடன்ஹவர் என்னும் சிறுவன் வளர்ந்தது அங்கேதான். அவரே பின்னாளில் சக் டி ஆனார்.

இக்குழுவினர் தெருவிலிருந்து நேரடியாக ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1970களின் தொடக்கத்தில், கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினரும் கறுப்பின மாணவர்களும் லாங் தீவின் கல்லூரி வளாகங்களில் நடத்திய கோடைக்கால வகுப்புகளில் இவர்களிற் சிலர் சிறுவர்களாக அமர்ந்திருந்தனர். சக் டி அடெல்ஃபி பல்கலைக்கழகத்தில் வரைகலை பயின்றார். துப்பாக்கியின் குறிவட்டத்துக்குள் நிற்கும் கறுப்பு மனிதனின் நிழலுரு குழுவின் இலச்சினையாக இன்றும் சுவர்களிலும் சட்டைகளிலும் காணப்படுகிறது. அதை வரைந்தவர் அவரே. அப்பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையமான டபிள்யூபிஏயூவில் பில் ஸ்டெஃப்னியும், ‘ஸ்பெக்ட்ரம் சிட்டி’ என்னும் நடமாடும் ஒலிக்குழுவை நடத்திய ஹாங்க் ஷாக்லீயும் சக் டியும் நிகழ்ச்சிகள் நடத்தினர். வணிக வானொலிகள் இடந்தராத இசையை மாணவர் வானொலி ஏந்திச் சென்றது. கல்லூரியில் ஓர் ஒலிவாங்கி கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று கேட்கும் மாணவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

சக் டியின் குரல் கனமானது. தேவாலயப் போதகரையும் விளையாட்டு வருணனையாளரையும் ஒருங்கே நினைவூட்டுவது. அவரருகே கழுத்தில் பெரிய கடிகாரம் தொங்க, குதித்துக் கூவி, இடையிடையே நையாண்டி செய்பவர் ஃப்ளேவர் ஃப்ளேவ். மேற்கத்திய விமர்சகர்கள் பலர் இவரைக் கோமாளி என்று கடந்து சென்றனர். தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கட்டியங்காரனின் பணி தெரியும்: அரசனின் சொல்லை மக்களின் பேச்சுக்கு இறக்கித் தருபவன் அவன். ஃப்ளேவ் இல்லாவிடில் சக் டியின் உரை, உரையாகவே நின்றிருக்கும். இசைத்தட்டுகளைக் கையாண்டவர் டெர்மினேட்டர் எக்ஸ். படைவீரர் உடையில் மேடையில் அணிவகுத்த ‘முதலாம் உலகின் பாதுகாப்பு’ என்னும் அணிக்குத் தலைமை தாங்கியவர் புரொஃபசர் கிரிஃப். ஆப்பிரிக்காவை மூன்றாம் உலகம் என்று எண்ணிட்டவர்களுக்கு, அதுவே முதலாம் உலகம் என்னும் மறுமொழி அப்பெயரிலேயே இருந்தது.

இரைச்சல் என்று யார் சொல்வது?

தொகுப்பு இலண்டனில் தொடங்குகிறது. 1987 நவம்பரில் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் நடந்த நிகழ்ச்சியின் கூட்ட ஆரவாரமும் அபாயச் சங்கொலியுமே முதல் தடம். தங்கள் சொந்த நாட்டின் கறுப்பின வானொலி நிலையங்கள்கூடத் தங்களை ஒலிபரப்பத் தயங்கிய காலத்தில், கடல் கடந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் பெயரை முழங்கினர் என்பதற்கான சான்றை முதலில் வைத்துவிட்டே பேசத் தொடங்குகின்றனர்.

அடுத்து வருவது ‘பிரிங் தி நாய்ஸ்’. அதன் வாயிலில் மால்கம் எக்ஸின் குரல் நிற்கிறது. 1963 நவம்பரில் டெட்ராய்ட் நகரில் அவர் ஆற்றிய உரையிலிருந்து சில சொற்களை மட்டும் வெட்டி எடுத்துள்ளனர். அவ்வுரையில் மால்கம், அவ்வாண்டின் வாஷிங்டன் பேரணியைக் காப்பியோடு ஒப்பிட்டார். காப்பி மிகக் கறுப்பாகவும் மிகக் கடுப்பாகவும் இருந்தால் அதில் பாலேட்டைச் சேர்த்து நீர்க்கச் செய்கிறார்கள். அடித்தள மக்களின் எழுச்சியை வெள்ளைத் தாராளவாதிகள் உள்ளே நுழைந்து நீர்க்கச் செய்தார்கள் என்பது அவர் வாதம். பப்ளிக் எனிமி அந்த உவமையிலிருந்து பாலேட்டை நீக்கிவிட்டுக் கறுப்பையும் கடுப்பையும் மட்டும் வைத்துக்கொண்டது. இதை வெறும் மேற்கோள் என்று சொல்லிவிட இயலாது. கால் நூற்றாண்டுக்கு முன் ஆற்றப்பட்ட உரையை, புத்தகத்தைத் திறவாத இளைஞனின் காதில் தாளத்தோடு இறக்கும் செயல் அது.

‘நாய்ஸ்’ என்னும் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நாம் சற்று நின்று யோசித்தோம். ஓசை என்றால் மென்மையாகிவிடுகிறது. இரைச்சல் என்றால் சொல்பவரின் வெறுப்பு வெளிப்படுகிறது. அந்த வெறுப்பே இங்குப் பேசுபொருள். எது இசை, எது இரைச்சல் என்னும் தீர்ப்பு காதுகளால் மட்டும் வழங்கப்படுவதில்லை. பறையை நெடுங்காலம் இசையரங்குக்கு வெளியே நிறுத்தியவர்களும் தங்கள் காதைத்தான் சாட்சிக்கு அழைத்தனர்.

இந்த ஒலியைக் கட்டியவர்கள் ‘பாம் ஸ்குவாட்’ எனத் தம்மை அழைத்துக்கொண்ட தயாரிப்பாளர் குழுவினர்: ஹாங்க் ஷாக்லீ, அவருடைய இளவல் கீத் ஷாக்லீ, எரிக் சாட்லர், கார்ல் ரைடர் என்னும் புனைபெயரில் சக் டி. அவர்களுடைய கருவிகளுள் ஒன்று எஸ்பி-1200. பழைய இசைத்தட்டிலிருந்து ஒலித்துண்டுகளை எடுத்துச் சேமித்து, விரும்பிய வரிசையில் மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறி அது. அதன் நினைவகம் மொத்தம் பத்து நொடி அளவே கொள்ளும். ஆதலால் ஒரு துண்டு என்பது ஒரு முரசடி, ஒரு கிட்டார் இழைவு, ஒரு கூவல் என்னுமளவுக்குச் சிறியதாகவே இருக்க முடியும். அத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றோடொன்று உரசி நெருடும்படி இவர்கள் விட்டுவைத்தனர். வழக்கமான இசையமைப்பாளர் நீக்கிவிடும் இசைத்தட்டுக் கரகரப்பை இவர்கள் வேண்டுமென்றே காத்தனர். ‘ரெபல் விதவுட் எ பாஸ்’ பாடல் முழுவதும் கொதிக்கும் கெண்டியின் விசிலைப்போல் திரும்பத் திரும்ப வரும் அந்த வீறிடல், ஜேம்ஸ் பிரௌனின் இசைக்குழுவான ஜே.பி.ஸ் 1970இல் வெளியிட்ட ‘தி கிரண்ட்’ என்னும் தடத்தின் சாக்சஃபோன் தொடக்கமே. முதன்முறை கேட்பவர் எரிச்சலடைவார். எரிச்சலடைய வேண்டும் என்பதே நோக்கம். மூன்றாம் முறை கேட்கையில் அதுவே அப்பாடலின் முதுகெலும்பு என்பது விளங்கும்.

இசைத்தட்டுகளைத் தோண்டி எடுப்பதில் இவர்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் வெளிவந்த ஃபங்க், சோல் இசையே பெரும்பகுதி. வாட்ஸ் எழுச்சியை நினைவுகூர்ந்து 1972இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த வாட்ஸ்டாக்ஸ் பெருநிகழ்வின் மேடைக் குரல்களும் உள்ளன. அதாவது, கறுப்பினப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளின் ஒலி. ரீகன் ஆட்சியின் எட்டாம் ஆண்டில், அப்போராட்டத்தின் நினைவையே மங்கச் செய்த காலத்தில், அதன் ஒலியைக் கொண்டே புதிய தாளத்தை அமைத்தனர். மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ சோல் இசைக்குச் செய்ததைத் தாங்கள் ஹிப் ஹாப்புக்குச் செய்ய விரும்பியதாகச் சக் டி பின்னர் கூறியுள்ளார்.

சொற்கள் சுட்டும் இடங்கள்

ராப் இசை கறுப்பர்களின் சிஎன்என் என்னும் பொருளில் சக் டி கூறியதைப் பலரும் எடுத்தாள்வர். தொலைக்காட்சியில் கறுப்பர் குற்றவாளியாக மட்டும் தோன்றிய காலத்தில், இத்தொகுப்பு உண்மையிலேயே ஒரு செய்தி அறிக்கையைப்போல் இயங்கியது. ஊடகங்கள் ஊதிப் பெருக்குவதை நம்பாதே என்று சொல்லும் ‘டோன்ட் பிலீவ் தி ஹைப்’ அதற்கு வெளிப்படையான எடுத்துக்காட்டு. அதைவிடக் கனமான பாடல் ‘நைட் ஆஃப் தி லிவிங் பேஸ்ஹெட்ஸ்’.

கிராக் கொக்கெய்ன் கறுப்பினக் குடியிருப்புகளைச் சூறையாடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, 5 கிராம் கிராக் விற்பனைக்கும் 500 கிராம் தூள் கொக்கெய்ன் விற்பனைக்கும் குறைந்தளவுத் தண்டனை ஒன்றே: ஐந்தாண்டுச் சிறை. இரண்டும் ஒரே போதைப்பொருளின் வெவ்வேறு வடிவங்களே. கிராக் ஏழைக் கறுப்பர்களின் தெருவில் கிடைத்தது. தூள் வசதி படைத்த வெள்ளையர்களின் விருந்துகளில் கிடைத்தது. இந்த நூற்றுக்கு ஒன்று என்னும் வேறுபாடு 2010 வரை நீடித்தது. அவ்வாண்டும் நீக்கப்படவில்லை, பதினெட்டுக்கு ஒன்று என்று குறைக்கப்பட்டது மட்டுமே. பாடல் இச்சட்டத்தை விவாதிக்கவில்லை. தன் தெருவிலேயே தன் மக்களுக்கு நஞ்சை விற்பவனை நோக்கி அது பேசுகிறது. அதன் காட்சிப் படம், மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரி 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட ஆடுபன் அரங்கத்தின் முன் தொடங்குகிறது. கொல்லப்பட்ட தலைவரின் இடத்துக்கும் போதையில் வீழ்ந்த தெருவுக்கும் இடையே ஒரு கோட்டை அக்காட்சி இழுத்துவிடுகிறது. மீதியைப் பார்ப்பவர் உய்த்துணர வேண்டும். எனினும், விற்பவனைச் சாடும் அளவுக்கு அவனை அந்த மூலைக்குத் தள்ளிய வேலையின்மையைப் பாடல் பேசவில்லை என்பதையும் நாம் குறிக்க வேண்டும்.

‘பிளாக் ஸ்டீல் இன் தி அவர் ஆஃப் கேயாஸ்’ ஒரு கதைப்பாடல். படையில் சேருமாறு அரசின் கடிதம் வருகிறது. தன்னை ஒருபோதும் குடிமகனாக மதிக்காத அரசுக்காகப் போரிட முடியாது என்று மறுக்கிறான் ஒருவன், சிறையில் அடைக்கப்படுகிறான், தன்னைப் போன்ற கறுப்பினக் கைதிகளோடு சேர்ந்து தப்பத் திட்டமிடுகிறான். 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்துப் பட்டத்தை இழந்த முகமது அலியின் நிழல் கதையின்மேல் விழுகிறது. ஐசக் ஹேஸின் 1969ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து எடுத்த பியானோத் துண்டு, சிறைக் காவலரின் நடைபோல் மாறாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. தொகுப்பின் பிற பாடல்கள் விரைந்தோட, இது மட்டும் மெதுவாக நடக்கிறது. தொகுப்பிலேயே சிறந்த பாடல் இதுவே என்பது நமது கருத்து.

தொலைபேசி ஒட்டுக்கேட்பைப் பேசும் ‘லவுடர் தேன் எ பாம்’ பாடலையும், தொகுப்பை முடித்துவைக்கும் ‘பார்ட்டி ஃபார் யுவர் ரைட் டு ஃபைட்’ பாடலையும் சேர்த்தே கேட்க வேண்டும். பின்னதின் தலைப்பு, அதே டெஃப் ஜாம் நிறுவனத்தின் வெள்ளையர் குழுவான பீஸ்டி பாய்ஸ், கொண்டாட்டத்துக்கான உரிமைக்காகப் போராடச் சொன்ன புகழ்பெற்ற பாடலைத் தலைகீழாக்கியது. இங்கே போராடும் உரிமையே கொண்டாட்டத்துக்குரியது. ‘பார்ட்டி’ என்பது கட்சியையும் குறிக்கும். அக்கட்சி, ஹியூ நியூட்டனும் பாபி சீலும் 1966இல் ஓக்லாந்து நகரில் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சி. காலை உணவின்றிப் பள்ளிக்குச் சென்ற குழந்தைகளுக்கு 1969 முதல் உணவளித்த அந்தக் கட்சியை, எஃப்பிஐ தலைவர் எட்கர் ஹூவர் நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புக்குப் பேராபத்து என்று கருதினார். பாடல் ஹூவரைப் பெயர் சொல்லியே குற்றஞ்சாட்டுகிறது.

இவ்விடத்தில் நாம் கவனத்தோடு பிரித்தறிய வேண்டும். மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் ஆகியோரின் கொலைகளுக்குப் பின்னால் ஹூவர் இருந்தார் என்னும் தொனியில் பாடல் பேசுகிறது, அது மெய்ப்பிக்கப்பட்டதன்று. மெய்ப்பிக்கப்பட்டவை வேறு. கிங்கின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. 1964இல் அவரைத் தற்கொலைக்குத் தூண்டும் பெயரில்லாக் கடிதம் எஃப்பிஐயிடமிருந்தே சென்றது. 1969 டிசம்பர் 4 அதிகாலையில் சிகாகோ காவலர்கள், கருஞ்சிறுத்தைகளின் 21 வயதுத் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனை அவர் வீட்டிலேயே சுட்டுக்கொன்றனர். அவ்வீட்டின் வரைபடத்தை எஃப்பிஐக்கு வழங்கியவர் கட்சிக்குள் ஊடுருவிய உளவாளி. ‘கோயின்டெல்ப்ரோ’ என்னும் அந்த இரகசியத் திட்டம், 1971இல் பென்சில்வேனியாவின் மீடியா என்னும் ஊரிலுள்ள எஃப்பிஐ அலுவலகத்துக்குள் புகுந்து சிலர் கோப்புகளை எடுத்து வெளியிட்டதால்தான் உலகுக்குத் தெரிந்தது. செயற்பாட்டாளர்கள் பாடலிலிருந்து வேகத்தைப் பெறலாம். ஆதாரத்தைக் கோப்புகளிலிருந்து பெற வேண்டும்.

அந்தச் சிறுத்தையின் பெயர் நம் நாட்டுக்கும் வந்தது. 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா டாலேயும் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கியபோது, ஓக்லாந்தின் பெயரை அறிந்தே எடுத்துக்கொண்டனர். 1980களில் மதுரையில் அ. மலைச்சாமியின் தலைமையில் அது தமிழகத்தில் வேர்கொண்டது; பின்னர் விடுதலைச் சிறுத்தைகளாக வளர்ந்தது. அதே பத்தாண்டில், பிறந்த மண்ணிலேயே மறக்கடிக்கப்பட்ட அதே சிறுத்தையை லாங் தீவின் இளைஞர்கள் இசையால் மீட்டுக்கொண்டிருந்தனர். ஒருவரையொருவர் அறியாமலேயே இருவரும் ஒரே பெயரைப் புதுப்பித்துள்ளனர்.

திருட்டு என்னும் வழக்கு

‘காட், கேன் வி கெட் எ விட்னஸ்?’ என்னும் பாடலில் குழு தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறது. ஒரு தாளத்தைத் திருடியதாக வழக்கு, நீதிமன்றம், சாட்சிக்கு அழைப்பு. ஒலித்துண்டுகளுக்கு உரிமத் தொகை கேட்கும் வழக்குகள் அப்போது பெருகவில்லை. மூன்றே ஆண்டுகளில் பாடல் பலித்தது. 1991 டிசம்பரில் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம், பிஸ் மார்க்கி என்னும் ராப் கலைஞர் ஒலித்துண்டு எடுத்த வழக்கில், களவு செய்யாதே என்னும் விவிலியக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கியது. குற்றவியல் நடவடிக்கைக்கும் பரிந்துரைத்தது. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்அனுமதியும் பணமும் தேவையாயின. நூற்றுக்கணக்கான துண்டுகளால் நெய்யப்பட்ட ‘நேஷன் ஆஃப் மில்லியன்ஸ்’ போன்ற ஒரு தொகுப்பை அதே முறையில் மீண்டும் உருவாக்குவது வணிக அளவில் இயலாததாகிவிட்டது.

கறுப்பர்களின் காப்பகத்தைச் சட்டம் பூட்டியது என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பாதி உண்மை அது. மறுபாதி, கிளைட் ஸ்டபுள்ஃபீல்ட் என்னும் மனிதர். ஜேம்ஸ் பிரௌனின் முரசுக் கலைஞரான அவர் 1969 நவம்பரில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த சில நொடித் தாளம், ‘ஃபங்கி டிரம்மர்’ என்னும் தடத்தில் இடம்பெற்றது. இத்தொகுப்பின் பல பாடல்களுக்கு அதுவே அடித்தளம். உலகில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட ஒலித்துண்டுகளுள் ஒன்று அது. பாடலாசிரியர் உரிமை ஜேம்ஸ் பிரௌனின் பெயரில் இருந்தது. முரசறைந்தவர் உரிமைத்தொகை ஏதும் பெறாமலேயே 2017இல் மறைந்தார்.

இங்குத் திருடியவர் யார்? சட்டத்தின் பார்வையில் ஒலித்துண்டை எடுத்த இளைஞன். ஆனால், எழுதப்பட்ட மெட்டும் சொல்லும் மட்டுமே படைப்பு, கையால் அடித்த தாளம் வெறும் கூலி வேலை என்னும் வரையறையை இயற்றியவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கவே இல்லை. எழுத்துக்கு உடைமை, கைவினைக்குக் கூலி என்னும் இந்தப் பிரிவினையைச் சாதிச் சமூகத்தில் பிறந்த எவரும் உடனே அடையாளம் காண்பர். பப்ளிக் எனிமியும் அப்பிரிவினையை மாற்றிவிடவில்லை. ஸ்டபுள்ஃபீல்டின் தாளத்தை உலகறியச் செய்தது. அவருடைய பெயரை அன்று உறையில் எழுதவில்லை. 1990இல் மடோனாவின் ‘ஜஸ்டிஃபை மை லவ்’, இத்தொகுப்பிலுள்ள ‘செக்யூரிட்டி ஆஃப் தி ஃபர்ஸ்ட் வேர்ல்ட்’ தடத்தின் தாளத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டபோது ஹாங்க் ஷாக்லீ சினங்கொண்டார். அந்தத் தாளமே ஸ்டபுள்ஃபீல்டினுடையது என்பதுதான் இக்கதையின் கசப்பான சுவை.

வரவேற்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் கறுப்பின இசை விற்பனைப் பட்டியலில் தொகுப்பு முதலிடம் பெற்றது. பொதுப் பட்டியலில் 42ஆம் இடம் வரை சென்றது. 1989இல் 10 இலட்சம் படிகளுக்கான பிளாட்டினச் சான்று கிடைத்தது. ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் இசை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் 1988இன் சிறந்த தொகுப்பாகத் தேர்வாயிற்று. ஒரு ஹிப் ஹாப் தொகுப்பு அவ்விடத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. 2020இல் ‘ரோலிங் ஸ்டோன்’ வெளியிட்ட, எக்காலத்துக்குமான சிறந்த 500 தொகுப்புகளின் பட்டியலில் 15ஆம் இடம்.

யார் இல்லை?

போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால் இத்தொகுப்பைக் கேட்டவர்கள் ஆகமாட்டோம். 1989 மே மாதம் நாளிதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில் புரொஃபசர் கிரிஃப், உலகின் தீமைகளுக்குப் பெரிதும் யூதர்களே காரணம் என்னும் பொருளில் பேசினார். குழு நிலைகுலைந்தது, சக் டி தடுமாறித் தடுமாறி அவரை நீக்கினார். இது வானத்திலிருந்து திடீரென விழுந்ததன்று. யூத வெறுப்புப் பேச்சுகளால் அறியப்பட்ட லூயி ஃபராக்கானை இத்தொகுப்பே வழிகாட்டியாக முன்னிறுத்துகிறது. ஒடுக்கப்பட்டவர் சொல்வதாலேயே வெறுப்பு நீதியாகிவிடாது. ஒரு பிறப்பையே தீமையின் மூலமாகக் காட்டும் சிந்தனை, நாம் எதிர்த்து நிற்கும் சிந்தனையேதான்.

பெண்கள் குறித்த குறை இன்னும் உள்ளார்ந்தது. ‘ஷி வாட்ச் சேனல் ஜீரோ’ என்னும் பாடல், தொலைக்காட்சித் தொடர்களில் மூழ்கிய ஒரு கறுப்பினப் பெண்ணைக் கடிந்துகொள்கிறது. ஊடகத்தால் ஏமாற்றப்படும் ஆண் இத்தொகுப்பில் விழிப்பூட்டப்பட வேண்டியவன்; ஏமாற்றப்படும் பெண்ணோ ஏளனத்துக்குரியவள். ‘ஷோ எம் வாட்சா காட்’ தடத்தில் போராளிகளின் பெயர்களை அடுக்கும் ஆவா முகமதுவின் குரலைத் தவிர, தன் சொல்லைத் தானே சொல்லும் பெண் இங்கே அரிது. இத்தொகுப்பு போற்றும் கருஞ்சிறுத்தைகள் கட்சியைக் கடினமான ஆண்டுகளில், 1974 முதல் 1977 வரை, தலைமையேற்று நடத்தியவர் எலெய்ன் பிரௌன் என்னும் பெண். அவர் பெயரை இத்தொகுப்பில் கேட்க முடியாது. தலித் பேந்தர்ஸ் இயக்கத்தின் எழுத்துகளில் பெண் தாயாகவோ பாலியல் வன்முறைக்குப் பலியானவளாகவோ மட்டும் தோன்றினாள் என்று ஷர்மிளா ரேகே 1998இல் எழுதிய விமர்சனத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. சிறுத்தையின் பெயரோடு இந்தக் குறையும் கடல் கடந்து இருபுறமும் இருந்திருக்கிறது.

1995இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த டிரிக்கி என்னும் கலைஞர், ‘பிளாக் ஸ்டீல்’ பாடலைத் தம் ‘மாக்சின்கே’ தொகுப்பில் மறுஆக்கம் செய்தார். அரசின் கடிதத்தைப் பெற்று, படையில் சேர மறுக்கும் அந்தக் கறுப்பு மனிதனின் சொற்களைத் தாம் பாடாமல் மார்ட்டினா டாப்லி-பேர்ட் என்னும் இளம்பெண்ணிடம் கொடுத்தார். ஹேஸின் பியானோ அதில் இல்லை. வேகமான முரசும் கிட்டாரும் உள்ளன. சக் டி முழங்கிய இடத்தில் மார்ட்டினா குரலை உயர்த்தாமல் பாடுகிறார். மறுப்பு அப்படியே இருக்கிறது.